செய்முறையும் சட்டகமும் தர நிர்ணயமும்



ஒரு வேலையைத் தொடங்கி ஒழுங்காக முடிப்பது எவ்வாறு என்பது இன்றைய பேச்சின் பொருள். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். சொந்தமாக வீடு கட்டிக் குடிபுகுந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். வீட்டில் ஒரு திருமணத்தை நடத்தி முடித்தவர்களும் நினைக்கமாட்டார்கள். நான் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குளத்துக் கரையிலும் வாய்க்கால் கரையிலும் கழித்த ஓர் எஞ்ஜினீயர். தாமிரபரணிக் கரையில் பிறந்து, அதன் நீரைக் குடித்து, அந்த நீரையே ஊர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் உத்தியோகத்திலும் இருந்தவன். ஆகவே என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்த ஆற்றங்கரையிலிருந்தே வரும். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் என் தம்பி மகன் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தான். கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் திட்டங்களை நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவன். அதற்கென்று பரீட்சை எழுதிச் சான்றிதழும் பெற்றவன். திண்ணையில் அமர்ந்து அவன் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மெதடாலஜி, ஃபிரேம்வொர்க், ஸ்டாண்டர்டு என்ற மூன்று சொற்கள் மாறி மாறி வந்தன. இவற்றுக்குள் வேறுபாடு என்ன என்று கேட்டேன். “எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், பெரியப்பா” என்றான். பரீட்சையில் தேறியவன் சொல்லுகிற விடை இது. எனக்கு வியப்பாக இல்லை. நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் என்னைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அந்த ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லுக்கு நான் கொடுத்த விலையைச் சற்றுப் பின்னால் சொல்லுகிறேன்.

தமிழில் முதற்சொல்லைச் செய்முறை என்றும், இரண்டாவதைச் சட்டகம் என்றும், மூன்றாவதைத் தர நிர்ணயம் என்றும் வைத்துக்கொள்வோம். பெயர் வைத்துவிட்டதாலேயே பொருள் விளங்கிவிடாது. தம்பி மகனை அழைத்துக்கொண்டு மறுநாள் பத்தமடைக்குப் போனேன். நேயர்களுள் பலர் பத்தமடைப் பாயில் உறங்கியிருப்பீர்கள். சிலர் வீட்டில் மணமக்கள் பெயர் நெய்த பாயும் இருக்கும். ஆனால் பாய் நெய்யும் இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

அங்கே தரையில் முளை அடித்து, மூங்கிற் கழிகளை நிறுத்தி, பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதுதான் சட்டகம். அது பாய் இவ்வளவு அகலத்துக்கு மேல் போகாது என்று சொல்லும். நெய்பவர் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும். அந்தப் பாயில் மயிலை நெய்வதா கட்டம் போடுவதா என்று சொல்லாது. அது நெய்பவருடைய உரிமை. இனி, ஆற்றோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்துக் கீறி உலர்த்தி, ஓடுகிற நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் உலர்த்தி, பிறகே தறிக்குக் கொண்டுவருகிறார்கள். எதற்குப் பின் எது, எத்தனை நாள், யார் கையால் என்று எல்லாம் வரிசைப்பட்டிருக்கிறது. ஊறவைக்கிற வேலையை முதலில் விட்டுவிட்டுப் பிறகு செய்துகொள்ள முடியாது. இது செய்முறை. கடைசியாக, பாயை வாங்க வருபவர் விரலால் தடவிப் பார்த்துப் பாவிழையை எண்ணுகிறார். சாதாரணப் பாய் என்றால் ஐம்பது இழையளவில் நிற்கும். பட்டுப்பாய் என்றால் 100 முதல் 140 வரை போகும். எண்ணிக்கை குறைந்தால் அது பட்டுப்பாய் அன்று. நெய்தவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்பதோ, எந்த ஊர்க் கோரை என்பதோ அந்த எண்ணிக்கைக்குக் கவலையில்லை. இதுவே தர நிர்ணயம்.

பையன் கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டான். எனினும் பாய் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் வேலை. பல ஊர், பல கை, பல ஆண்டு என்று நீளும் வேலைகளில் இம்மூன்றும் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பதைப் பார்க்க, ஆற்றங்கரைக்குத்தான் வரவேண்டும்.

பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 125 கி.மீ. இந்தச் சிறிய தூரத்துக்குள் எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே கிடக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். இவற்றுள் கடைசியான திருவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியில், 1870களில் முடிக்கப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. அவற்றைக் கட்டியவர்கள் மதிப்பீட்டுப் புத்தகம் எதையும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. கதைகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

கன்னடியன் வாய்க்காலின் கதை அம்பாசமுத்திரத்துப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. கன்னட நாட்டு அந்தணர் ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு தருமம் செய்ய விரும்புகிறார். அகத்திய முனிவர் வழி சொல்லுகிறார்: ஒரு பசுவை விட்டு அதன் பின்னே போ, அது நடக்கிற தடத்தில் வாய்க்கால் வெட்டு, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு, நீர் விடுகிற இடத்தில் மடை வை. பசு நடந்து நடந்து பிராஞ்சேரி போய்ச் சேர்ந்தது. வாய்க்காலும் அங்கே சேர்ந்தது.

கல்லூரியில் படிக்கும்போது இந்தக் கதையைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். பிறகு மட்டம் பார்க்கும் கருவியைத் தோளில் சுமந்து அந்த வாய்க்கால் கரையில் நடந்தபின் சிரிப்பு அடங்கிவிட்டது. மேய்கிற மாடு செங்குத்தான மேட்டில் ஏறாது; பள்ளத்தில் சறுக்கி இறங்காது; சரிவை அணைத்தாற்போல் வளைந்து நடக்கும். வாய்க்காலும் அப்படியேதான் போக வேண்டும். அது போகட்டும். நான் இங்கே கவனிக்கச் சொல்வது வேறொன்று. இந்தக் கதையில் உள்ளது ஒரு முழுச் செய்முறை. இந்த அறிகுறி தோன்றினால் இந்த வேலையைச் செய் என்று, ஐயத்துக்கு இடமில்லாமல், முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. கையில் மண்வெட்டி பிடித்தவன் யோசித்து நிற்க வேண்டியதில்லை. செய்முறையின் பலம் அதுதான். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பசு வழி தவறிப் போனால் என்ன செய்வது என்று கதை சொல்லவில்லை. சொல்லுவதற்கு யாரையும் நியமிக்கவும் இல்லை.

அதைச் சொல்லுவதற்கு மானூருக்குப் போக வேண்டும். நெல்லைக்கு வடக்கே உள்ள அந்த ஊரின் கோயிலில், ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குடவோலை முறையைச் சொல்லும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பள்ளிப் பாடத்தில் வருவதால் அவற்றைப் பலரும் அறிவர். மானூர்க் கல்வெட்டு அவற்றுக்கு நூறாண்டு மூத்தது. ஆயினும் அதன் பெருமை நம் மாவட்டத்தாருக்கே சரியாகத் தெரியாது. ஊர்ச் சபையில் யார் அமரலாம், எந்தக் கல்வித் தகுதி வேண்டும், ஒரு பங்கு நிலத்துக்கு எத்தனை பேர் என்றெல்லாம் அது விதிக்கிறது. அதோடு நிற்கவில்லை. சபைக்கு வருகிற ஒவ்வொரு காரியத்துக்கும் அன்று அன்று என்று மறுத்துக்கொண்டே முட்டுக்கட்டை போடுகிறவரும், அவருக்குத் துணை நிற்பவரும், ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. இக்காலத்துக் கூட்டங்கள் சிலவற்றில் இந்த விதி நடைமுறையில் இருந்தால் கருவூலம் நிறைந்துவிடும்!

இந்தக் கல்வெட்டில் குளம் வெட்டுவது எப்படி என்று ஒரு வரி இல்லை. எதைச் செய்வது என்று தீர்மானிக்கிற கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சட்டகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் பங்குடைய வேதியருக்கே இடம். மடையைத் திறந்து மூடியவனுக்கு அங்கே இருக்கையில்லை. யாரை உள்ளே அமர்த்துகிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பது சட்டகத்தைச் செய்கிறபோதே முடிவாகிவிடுகிறது.

தர நிர்ணயத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் சுவரில் நிலமளந்த கோலின் நீளம் வெட்டப்பட்டிருக்கிறது. சர்ச்சை வந்தால் கோலைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இன்று அந்தச் சுவருக்குப் பதிலாக இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஏடுகள் இருக்கின்றன. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456. அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கம்பி கட்டிய கான்கிரீட் குறைந்தது எம் 20 என்னும் தரத்தில் இருக்க வேண்டும். அதாவது, 15 சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரமாக வார்த்து, 28 நாள் சென்றபின் நசுக்கிப் பார்த்தால், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கலவையைக் கையால் கலக்கினீர்களா இயந்திரத்தால் கலக்கினீர்களா என்று அந்தச் சோதனைக் கட்டி கேட்பதில்லை. தாங்கியதா, தாங்கவில்லையா? அவ்வளவே.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் உத்தியோகத்தில் சேர்ந்து மூன்றாண்டு ஆகியிருக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம். நடுத்தரமான ஒரு குளத்தில் பழைய மடை இடிந்துபோய், அதைப் புதிதாகக் கட்டும் வேலை என்னிடம் வந்தது. மதிப்பீடு எனக்கு முன்னிருந்தவர் தயாரித்தது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப் புள்ளி, உடன்படிக்கை என்று எல்லாம் வரிசைப்படி நடந்திருந்தன. மடையின் அடிக்கல் எந்த மட்டத்தில் அமைய வேண்டும் என்பது அருகிலிருந்த ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஆதாரமாகக் கொண்டு குறிக்கப்பட்டிருந்தது. கருவியை வைத்து, அந்தச் சுவரிலிருந்து அளந்து, அடிக்கல்லை அமைத்தேன். சுண்ணாம்பு, சிமெண்டு, கல், கட்டு வேலை அனைத்தும் பிழையில்லாதவை. அளவுப் புத்தகத்தில் ஒவ்வோர் உருப்படியும் ஏறியது. மேலதிகாரி வந்து மறு அளவு எடுத்துக் கையொப்பமிட்டார்.

அடிக்கல்லை வைத்த அன்று அவ்வூர் நீர்ப்பாய்ச்சி, அறுபதைத் தாண்டிய கிழவர், கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு சாண் ஒசந்து நிக்கி, அய்யா. கடைசித் தண்ணி வயலுக்கு எறங்காது” என்றார். கருவி பொய் சொல்லாது, பெரியவரே, என்று நான் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் பேசுவதற்கு அந்தக் கோப்பில் இடமும் இல்லை.

உண்மை என்னவென்றால், மதிப்பீடு தயாரித்ததற்கும் வேலை தொடங்கியதற்கும் இடையில் அந்தச் சிறு பாலத்தை வேறொரு வேலையில் பிரித்துக் கட்டியிருந்தார்கள். கைப்பிடிச் சுவர் ஒன்பது அங்குலம் உயர்ந்துவிட்டது. நான் உயர்ந்துபோன சுவரிலிருந்து பழைய கணக்கின்படி அளந்தேன். என் மடையும் ஒன்பது அங்குலம் உயர்ந்துவிட்டது. கிழவர் கண்ணாலேயே சொன்ன ஒரு சாண்!

குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாசி மாதம் நீர் அடியில் இறங்கியபோதுதான் தெரிந்தது. குளத்தில் நீர் கிடக்கிறது. மடைக்கு மேலே ஏறவில்லை. பிசானப் பயிர் பால் பிடிக்கிற சமயம். கடைமடையில் பத்துக் கோட்டை விரைப்பாடு கண் முன்னே வாடியது. இறைவை வைத்து இறைத்தவர்கள் பாதியைக் காப்பாற்றினார்கள். இறைக்க ஆளும் மாடும் இல்லாதவர்கள் வைக்கோலுக்கு அறுத்தார்கள். நான் அந்தக் கிழவரைத் தேடிப் போனேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இன்னும் ரெண்டு தண்ணிதான் அய்யா வேணும்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கோடையில் அடிக்கல்லைப் பெயர்த்து இறக்கி வைத்தோம். பயிர் போனவர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, கொடுப்பதற்கு விதியில்லை.

அந்த வேலையில் தர நிர்ணயம் மீறப்படவில்லை. செய்முறையில் ஒரு படியும் விடுபடவில்லை. விசாரணை வைத்திருந்தால் நான் குற்றமற்றவன் என்று தீர்ப்பாகியிருக்கும். நீரைப் பயன்படுத்துகிறவன் வாயைத் திறக்கவும், அவன் சொல்லுக்கு ஒருவர் விடையளிக்கவும் சட்டகத்தில் இடம் வைக்கப்படவில்லை. மூன்றும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டிருந்ததால், இரண்டு சரியாக இருந்தபோது மூன்றாவதும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

வெளிநாட்டார் இத்துறையை நூல்களாக எழுதத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கர் 1910களில், ஒவ்வொரு வேலையும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டும் படத்தைப் பரப்பினார். அந்தப் படம் இன்றும் அலுவலகச் சுவர்களில் தொங்குகிறது. 1957இல் டூபாண்ட் என்னும் இரசாயனத் தொழில் நிறுவனத்தில் நெருக்கடிப் பாதைக் கணக்கு என்ற ஒன்று உருவாயிற்று. 1958இல் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் என்ற கணக்கை வகுத்தது. நம் மணிமுத்தாறு அணை எழும்பியதும் அதே பத்தாண்டில்தான்.

1969இல் அமெரிக்காவில் திட்ட நிர்வாகக் கழகம் ஒன்று அமைந்தது. அதன் பெருநூல் 1996இல் பி.எம்.பாக் என்ற பெயரோடு வெளிவந்தது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 49 செயல்களை வகுத்துச் சொன்ன அந்த நூல், 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு 12 கோட்பாடுகளை முன்னிறுத்தியது. என் தம்பி மகன் இந்த நூலைச் செய்முறை என்றே எண்ணியிருந்தான். அது செய்முறை அன்று. நல்ல நிர்வாகத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கூறும் தர நிர்ணயமும், அதற்கான விளக்கமும் அது. அதை முதற்பக்கத்திலிருந்து வரிசையாகச் செய்துகொண்டு போனால் ஒரு குளமும் முடியாது.

பிரிட்டனில் 1989இல் பிரின்ஸ் என்றும், திருத்திய வடிவில் 1996இல் பிரின்ஸ் 2 என்றும் வெளிவந்ததே உண்மையான செய்முறை. யார் எந்தக் கட்டத்தில் எந்தத் தாளில் கையொப்பமிட வேண்டும் என்பது வரை அது சொல்லும். அதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. திட்டத்தை நடத்தும் குழுவில் மூன்று தரப்பினர் அமர வேண்டும் என்கிறது: பணம் போட்டவர் தரப்பில் ஒருவர், வேலையைச் செய்து கொடுப்பவர் தரப்பில் ஒருவர், முடிந்தபின் பயன்படுத்தப்போகிறவர் தரப்பில் ஒருவர். அந்த மூன்றாவது நாற்காலியைப் பற்றிப் படித்தபோது, கரைமேல் நின்ற கிழவரை நினைத்துக்கொண்டேன்.

கணிப்பொறிக்காரர்கள் வேறு திசையில் போனார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஊட்டா மாநிலத்தின் மலை விடுதி ஒன்றில் 17 பேர் கூடி, நீண்ட திட்டத்தாள்களைக் காட்டிலும், வேலையைச் சிறு சிறு பகுதியாகச் செய்து, பயன்படுத்துவோரிடம் காட்டிக் காட்டித் திருத்துவதே மேல் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவ்வழியில் மிகப் பரவிய ஸ்க்ரம் என்பது தன்னைச் சட்டகம் என்றே சொல்லிக்கொள்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணைகளில் வேலை செய். ஒவ்வொரு தவணை முடிவிலும் செய்ததைக் காட்டு. என்ன கற்றாய் என்று யோசி. இன்னும் சில விதிகளும் சில பொறுப்புகளும் உண்டு. வேலையைச் செய்யும் விதத்தைச் செய்பவரிடமே விட்டுவிடுகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிய பேச்சு. கட்டுமானத்தில் இதை அப்படியே எடுக்க முடியாது. மென்பொருளை இன்று மாற்றி நாளை மறுபடி மாற்றலாம்; அடிக்கல்லை அப்படிச் செய்ய முடியாது என்பதை என்னைவிட நன்கு அறிந்தவர் இல்லை. ஆனாலும் செய்ததை உடனுக்குடன் காட்டு என்ற அந்த ஒரு விதி இருந்திருந்தால், ஒரு குடம் நீரை ஊற்றி மட்டம் பார்த்திருப்போம்.

2012இல் உலகத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ்.ஓ. 21500 என்பதையும், 2020இல் அதன் வழிவந்த 21502 என்பதையும் வெளியிட்டது. இவை வழிகாட்டுகிற ஏடுகள். கான்கிரீட்டுக் கட்டியை நசுக்குவதுபோல் திட்டத்தை நசுக்கித் தேறியதா என்று சொல்வதற்கானவை அல்ல. நம் நாட்டிலும் கட்டுமானத் திட்டங்களுக்கென்று ஐ.எஸ். 15883இன் முதற்பகுதி 2009இல் வந்தது.

அதே 2009இல்தான் நம் மாவட்டத்தில் ஒரு பெரிய வேலை தொடங்கிற்று: தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு ஆகிய மூன்றையும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய். வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் நீரில் ஒரு பங்கை, வெள்ளாங்குளியில் கன்னடியன் வாய்க்காலிலிருந்து பிரித்து, நாங்குநேரி, இராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோய், எம்.எல். தேரியில் முடிப்பது ஏற்பாடு. நீளம் சுமார் 75 கி.மீ. நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். முதல் மதிப்பீடு 369 கோடி ரூபாய். பசு நடந்த அதே வாய்க்காலிலிருந்து, பசு நடக்காத மேட்டு நிலத்துக்கு வழி!

தேரிக்காட்டுப் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவிப்பு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் நன்னீர் குறையக் குறைய உப்புநீர் உள்ளே ஏறிவரும் பூமி அது.

கால்வாயில் நீர் விடப்பட்டது 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில். பதினைந்து ஆண்டுகள். செலவு திருத்திய மதிப்பீடுகளில் 872 கோடியாகி, பிறகு ஆயிரம் கோடியையும் தாண்டிவிட்டது. தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

யாரையும் குறைசொல்ல நான் இதை எடுக்கவில்லை. நிலம் எடுக்க வேண்டும், பணம் தவணை தவணையாக வரவேண்டும், ஆட்சிகள் மாறின. இவற்றோடு, நெருக்கடிப் பாதை என்றால் என்ன என்பதற்கு இந்தக் கால்வாய் ஒரு பாடமாகவே அமைந்துவிட்டது. 75 கி.மீ. நீளத்தில் மண் வெட்டுவது பெரிய வேலை போலத் தோன்றும். ஆனால் இயந்திரம் இருந்தால் பத்து இடத்தில் ஒரே சமயத்தில் வெட்டலாம். ஓரிடத்தில் தாமதமானாலும் மற்றோரிடத்தில் ஈடுசெய்யலாம். பொன்னாக்குடியில் நான்குவழி நெடுஞ்சாலைக்கு அடியே கால்வாய் கடக்க வேண்டிய இடமோ சில பத்து மீட்டர்தான். அங்கே பாலம் அமையாமல், மேலே எத்தனை கி.மீ. வெட்டினாலும், கீழே எத்தனை கி.மீ. வெட்டினாலும் நீர் போகாது. இரயில் பாதையைக் கடக்கும் இடமும் அப்படியே. சாலை ஓர் இலாகாவின் பொறுப்பு. இரயில் மற்றொன்றின் பொறுப்பு. கால்வாய் மூன்றாவதன் பொறுப்பு. ஒவ்வோர் இலாகாவுக்கும் தனித்தனிச் செய்முறை உண்டு. தனித்தனித் தர நிர்ணயமும் உண்டு. மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இந்த நாளுக்குள் இது என்று முடிவெடுக்கும் சட்டகம்தான் அரிதாகக் கிடைப்பது.

எந்த வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகுமோ, அதை முதலில் கண்டுபிடி. உன் சிறந்த ஆட்களையும் முதற்பணத்தையும் அங்கே வை. 1957ஆம் ஆண்டுக் கணக்கு சொல்வது இதுதான். திருமண வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும். பந்தற்காரர் ஒருநாள் பிந்தலாம். முகூர்த்தம் பிந்தாது என்று அறிந்துதான் மண்டபத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் பேசி முடிக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் நினைவுக்கு வருகிறது. 1843இல் முடிந்தது, பதினொரு வளைவுகள். அதிகாரம் கலெக்டர் தாம்சனிடம். வடிவமைப்புக் காப்டன் ஹார்ஸ்லியிடம். ஏறத்தாழ அரை லட்சம் ரூபாயைத் தம் கைப்பொருளிலிருந்தே தந்தவர் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்ததாராக இருந்த முதலியார். மூன்று பொறுப்பு, மூன்று மனிதர். பணம் வருமா என்ற கேள்வி பாதி வளைவில் எழவில்லை. 1970இல் அகலப்படுத்தப்பட்டு, அந்தப் பாலம் இன்றும் வண்டிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு வள்ளலை நம்பி எல்லாத் திட்டத்தையும் நடத்த முடியாது என்பது வேறு விஷயம்.

கால்வாய் வெட்டி முடிந்தது. திட்ட நிர்வாக நூல்கள் எல்லாம் திட்டம் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள தற்காலிக வேலை என்றே இலக்கணம் சொல்கின்றன. நாங்குநேரிப் பக்கத்து விவசாயிக்கோ அதன்பிறகுதான் தொடக்கம். வெள்ளம் வருகிற நாளில் ஷட்டரை யார் திறப்பது, எந்த அளவுக்குத் திறப்பது, கன்னடியன் வாய்க்காலின் பழைய பாத்தியதைக்காரர்களுக்குப் பங்கம் வராமல் எப்படிக் கணக்கிடுவது, தேரி மணல் வந்து மூடினால் யார் அள்ளுவது என்னும் கேள்விகள் ஒவ்வோர் ஐப்பசியிலும் எழும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் திருவைகுண்டமும் காயல்பட்டினமும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தை முழுவதும் வாங்கிக்கொள்ள அந்தக் கால்வாய் வெட்டப்படவில்லை. அது எடுத்துக்கொள்வது ஒரு பங்கையே. எவ்வளவு எடுக்கும், எவ்வளவு எடுக்காது என்பதைக் கரையோர ஊர்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவைப்பதும் வேலையின் ஒரு பகுதி.

அந்த மடை விவகாரத்துக்குப் பிறகு, என் பொறுப்பில் வந்த ஒவ்வொரு வேலைக்கும் நான் ஒரு தனிக் குறிப்பேடு வைத்துக்கொண்டேன். அளவுப் புத்தகத்தில் உள்ள பத்திகளோடு இரண்டு பத்திகளை நானே கோடு போட்டுச் சேர்த்தேன். ஒன்று: ஆதார மட்டம் இன்றும் அசையாமல் இருக்கிறதா? மற்றொன்று: நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டாயிற்றா, என்ன சொன்னார்? இந்த இரண்டாவது பத்தியைப் பார்த்து மேலதிகாரி ஒருவர், இது எந்த விதியின்கீழ் வருகிறது என்று கேட்டதுண்டு. விதியைக் காட்ட என்னால் முடியவில்லை. பத்தியை அடிக்கவும் இல்லை.

மதிப்பீடுகள் ஏன் எப்போதும் குறைவாகவே போடப்படுகின்றன என்பதைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டதாக நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையசைக்கிறார்கள். அதை அடுத்த பேச்சில் எடுத்துக்கொள்கிறேன்.